நாலு வயதில் வந்த கால்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "அந்த யானைக்கால் அம்மாவ உள்ள வரச் சொல்லு" என்றுதான் குரல் வரும். எனக்குக் கோபம் வருவதில்லை. முதலியார்பேட்டையில் பள்ளிக்கூடம் போன வயதிலேயே அந்தப் பெயர் பழகிவிட்டது. புடவையைக் கொஞ்சம் கீழே இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து போவேன்.

அன்றும் அப்படித்தான் போனேன். கூட என் அம்மாவும் என் கணவர் சேகரும் வந்தார்கள். அறுவை மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது நல்லது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று) திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்தபோது கிருமி ரத்தத்தில் கலந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தேன்.

"அடுத்த தடவை வந்தா காலோட நிக்காதும்மா" என்றார் அவர். "உயிர் முக்கியமா கால் முக்கியமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

பட்ட காலிலேயே படும் என்று நம் பெரியவர்கள் எந்தக் காலைப் பார்த்துச் சொன்னார்களோ தெரியாது, என் காலைப் பார்த்திருந்தால் இன்னும் இரண்டு பழமொழி சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். நான் தலையாட்டினேன். சேகரும் தலையாட்டினார். அம்மா மட்டும் மேசைமேல் இருந்த என் கால் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தமிழ்ச்செல்வி. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் வீடு. சேகர் டெம்போ ஓட்டுகிறார். ஒரே மகள் யாழினி சென்னையில் படிக்கிறாள். அப்பா போனபிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிய எனக்கு, இடது கால் வலது காலைப் போல இரண்டு மடங்கு. யாராவது கேட்டால் நானும் அம்மா சொல்லிக் கொடுத்ததையே சொல்வேன். நாலு வயதில் காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போனது, கால் வீங்கியது, வடியவில்லை.

அறுவைக்காக வார்டில் சேர்த்தார்கள். காலை எடுக்கப் போகிறார்கள் என்றதும் எனக்கு அழுகை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. பழைய நினைவுதான் வந்தது, அதுவும் நல்ல நினைவாக வந்தது. அந்தக் காலை நான் இவ்வளவு நாள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். போகப்போகிறது என்றதும் கூடப் பிறந்தவனைப் பிரிகிற மாதிரி இருந்தது.

கூடப் பிறந்தவன் என்று சும்மா சொல்லவில்லை. அப்பா என் இடது காலுக்குப் பெரியவன் என்றும் வலது காலுக்குச் சின்னவன் என்றும் பெயர் வைத்திருந்தார். அவர் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தார். சங்கு ஊதி ஷிப்ட் முடிந்தால், தலைமுடியெல்லாம் பஞ்சோடு வீட்டுக்கு வருவார். வந்ததும் முதல் கேள்வி, "பெரியவன் இன்னைக்கு என்னா சொல்றான்?" என்பதுதான். வலிக்கிறது என்றால் "அவனுக்குச் சோறு கம்மியாப் போட்டிருப்பாங்க" என்பார். சின்னவன் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்ததாக ஞாபகம் இல்லை.

காலில் சுற்ற அம்மா கோரா துணியை நீளநீளமாகக் கிழித்து, கஞ்சி போகத் துவைத்து வைத்திருப்பாள். காலையில் கீழிருந்து மேலாகச் சுற்றுவாள். சாயங்காலம் அவிழ்த்து, காலைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, பாதத்திலிருந்து தொடை வரை மெல்ல நீவிவிடுவாள். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். எனக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும். என் வகுப்பில் படித்த எந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மா தினமும் கால் பிடித்துவிட்டிருக்க மாட்டாள். அந்தச் சுகத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

செருப்புதான் பெரிய பிரச்சினை. எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) குடும்பம் இருந்தது. அவர் மகள் கோடை விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வரும்போது எனக்காக ஒரே மாதிரி ஷூவில் இரண்டு அளவு வாங்கி வருவாள். பெரியதில் இடது, சின்னதில் வலது எனக்கு. மிச்சம் இரண்டு ஒற்றை ஷூ நிற்கும். அம்மா தூக்கிப் போடலாம் என்பாள். அப்பா விடமாட்டார்.

"வலது கால் பெருசா இருக்கிற பொண்ணு எங்கயாவது இருக்கும்டி. வந்து கேட்டா எடுத்துக் குடுக்கணும்ல" என்பார்.

அப்போதெல்லாம் எங்கள் பகுதியில் யானைக்கால் இருந்தது. தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். கொசுவால் வருகிற நோய் அது. அந்தக் கிருமி இருட்டிய பிறகுதான் ரத்தத்தில் மேலே வரும் என்பதால், சுகாதாரத் துறை ஆட்கள் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். என் ரத்தத்தில் ஒருமுறைகூடக் கிருமி கிடைத்ததில்லை. முற்றிய காலில் கிருமி கிடைக்காமல் போவதும் உண்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகப் போட்டேன். பெரியவன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்தான்.

இப்படிப் பழைய கதையில் நான் மிதந்துகொண்டிருந்தபோதுதான் தோல் மருத்துவர் வந்தார். புண்ணைப் பார்த்து அறுவைக்கு முன் ஒரு கருத்துச் சொல்வதற்காக அவரை அனுப்பியிருந்தார்கள். சின்ன வயது, கண்ணாடி போட்டவர். புண்ணைப் பார்த்தார். அதோடு போயிருக்கலாம். போகவில்லை. பாதத்தைத் திருப்பினார். இரண்டாவது, மூன்றாவது விரல்களைத் தனியாகப் பிடித்துப் பார்த்தார். தொடையில் இருந்த சிவந்த படையைக் காட்டி, "இது என்னா?" என்று கேட்டார்.

"அது மச்சம்ங்க. அதிர்ஷ்ட மச்சம்" என்றாள் அம்மா.

"கால் எப்போலேருந்து இப்படி இருக்கு?"

"நாலு வயசுல. காய்ச்சல் வந்து" என்றோம், நானும் அம்மாவும் ஒரே நேரத்தில்.

மருத்துவர் எக்ஸ்ரேயைக் கொண்டுவரச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யானைக்கால்ல வீக்கம் வரும், தோல் தடிக்கும். விரல் எலும்பு இப்படி வளராது. இவங்களுக்கு எலும்பே பெருசா இருக்கு. இது பொறந்தப்பவே இருந்திருக்கணுமே" என்றார்.

"இல்லங்க. நாலு வயசுலதான்" என்றாள் அம்மா.

அவர் அதட்டவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. பொறக்கும்போதே இருந்துச்சுன்னா இது வேற நோயா இருக்கலாம். அதுக்கு இப்போ மருந்து இருக்கு. காலை எடுக்காம இருக்க ஒரு வழி பாக்கலாம். நான் வார்டு முடிச்சிட்டுத் திரும்பி வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேகரைப் பார்த்து, "மாப்ள, ஒரு டீ வாங்கியாறீங்களா, தொண்டை வறண்டு போச்சு" என்றாள். அம்மா மருத்துவமனையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். சேகர் என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா சொன்னாள். "பொறக்கும்போதே இருந்துச்சுடி."

எனக்குப் புரியவில்லை.

"ஒண்ணுமே பெருசா தெரியாது. ஒரு கால் கொஞ்சம் கொழுகொழுன்னு இருக்கும். பாக்கறவங்க எல்லாம் பொம்பளப் புள்ளைக்கு என்னா அழகு காலுன்னு கிள்ளிட்டுப் போவாங்க. மொத வருசம் உங்கப்பா வெள்ளித் தண்டை வாங்கியாந்தாரு. வலது கால்ல போட்டாச்சு. இடது கால்ல ஏறல. பத்தர்கிட்டக் குடுத்து வெட்டி, நடுவுல வெள்ளி சேத்து அகலமாக்கிப் போட்டோம். அடுத்த வருசமே அதுவும் பத்தல. அப்பதான் எனக்குப் பயம் புடிச்சுச்சு."

"அப்புறம் எதுக்கும்மா நாலு வயசுன்னு சொன்ன?"

"பொறவியிலயே கோளாறுன்னு சொன்னா உன்ன யாருடி கட்டுவா? வம்சத்துல இருக்குதுன்னுவான். உனக்குப் பொறக்கறதுக்கும் வரும்னுவான். யானைக்கால்னா கொசு கடிச்சது. யாரு வூட்லதான் இல்ல? நாலு வயசுல உனக்கு நெசமாவே ஒரு காய்ச்சல் வந்துச்சு. அத வெச்சு நாங்க ரெண்டு பேரும் பேசி, அப்படியே சொல்லிட்டோம். தண்டையக்கூட அழிச்சுட்டோம்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் அம்மாவின் புளுகு நாற்பது வருஷத்துக்கு மேல் தாங்கியது. தெருவை நம்பவைத்து, டாக்டர்களை நம்பவைத்து, என்னையே நம்பவைத்துவிட்டாள். எங்கள் ஊரில்தான் இப்படி ஒரு பொய் செல்லும். ஊரெல்லாம் யானைக்கால் இருந்தால் அது ஒளிந்துகொள்ள வசதியான நோய்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. வார்டு என்றும் பார்க்காமல் கத்தினேன். நான் விழுங்கிய மாத்திரைகளைச் சொன்னேன், குத்துப்பட்ட விரல்களைச் சொன்னேன். அப்பாவையும் விடவில்லை, செத்துப்போன மனிதரைத் திட்டினேன். சேகர் மூன்று டீயோடு வந்து நின்றார். விஷயத்தை நானே அவரிடம் சொன்னேன், அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவளுக்கு வலிக்கட்டும் என்று.

சேகர் டீயை அம்மா கையில் கொடுத்தார். "பொண்ணு பாக்க வந்தப்பவே ரெண்டு காலையும் பாத்துட்டுத்தான அத்த கட்டிக்கிட்டேன். கொசு கடிச்சுதா கடவுள் கடிச்சாரான்னு யாரு கேட்டா?" என்றார். அம்மா அதற்குத்தான் அழுதாள்.

மருத்துவர் திரும்பி வந்ததும் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், தண்டை உட்பட. அவர் அறுவை மருத்துவரிடம் பேசி, அறுவையைத் தள்ளிவைத்தார். புண் ஓரத்திலிருந்தும் தொடையிலிருந்தும் மிளகு அளவு சதை எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் தேடினால் இந்த நோய் பெரும்பாலும் கிடைக்காதாம். இத்தனை வருஷமும் என் விரலைக் குத்தியவர்கள் எல்லாம் தப்பான இடத்தில் தேடியிருக்கிறார்கள்.

என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நானும் அம்மாவும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம். காலில் துணி சுற்ற மட்டும் அவள் வந்து தரையில் உட்காருவாள். நான் காலை நீட்டுவேன். சுற்றிவிட்டு எழுந்து போவாள். கோபத்திலும் காலை நீட்ட எனக்கு வெட்கமில்லை.

முடிவு வந்தது. நோயின் காரணம் ஒரு மரபணு. பிஐகே3சிஏ என்று அதற்குப் பெயர், வண்டி நம்பர் மாதிரி. மருத்துவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அந்தக் கொழுப்பு மூலக்கூறுகளில் ஒருவகைமேல் பாஸ்பேட் என்னும் சிறு துண்டை ஒட்டுவதற்கு ஒரு நொதி (உடம்பின் வேலைகளை நடத்தும் புரதம்) இருக்கிறது. லிப்பிட் கைனேஸ் (கொழுப்பின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) என்று அந்த வகைக்குப் பெயர். அதைச் செய்வதற்கான குறிப்பு இந்த மரபணுவில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பாஸ்பேட் ஒட்டினால், வளரு, பெருகு என்று செல்லுக்குள் சேதி போகும். சேதி போனதும் வேறொரு நொதி வந்து அதை எடுத்துவிடும். என் காலில் இருக்கும் செல்கள் பலவற்றில் ஒட்டுகிற வேலை நிற்காமல் நடக்கிறது.

"அதாவது ஒருத்தி நெத்தியில பொட்டு வெச்சுக்கிட்டே இருக்கா. அழிக்க அழிக்க வெக்கறா" என்றார் மருத்துவர்.

"அப்ப வளந்துக்கிட்டேதான இருக்கும்" என்றாள் அம்மா. அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது.

"ஆமாம்மா. ஆனா இது உங்ககிட்டேருந்தோ உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்தோ வரல. கரு உண்டான பிறகு, ஏதோ ஒரு செல்லுல எழுத்து மாறிப்போச்சு. அந்தச் செல்லுலேருந்து உண்டான பகுதியில மட்டும்தான் இது இருக்கு." இதை மொசைக் (உடம்பில் சில பகுதிகளில் மட்டும் மாற்றம் இருப்பது) என்கிறார்கள். மொசைக் தரையில் கறுப்புக் கல் சில இடத்தில் மட்டும் விழுந்திருப்பது போல.

"என் பொண்ணுக்கு வருமா டாக்டர்?" என்று கேட்டேன். யாழினி பிறந்த நாளிலிருந்து அவள் காலைக் கண்ணால் அளந்துகொண்டே இருந்தவள் நான்.

"இந்த மாதிரி காலோட நிக்கறது பிள்ளைங்களுக்குப் போறதில்லை. பயப்படாதீங்க."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வம்சத்தில் இல்லை, பேத்திக்கும் வராது. அவள் எதற்குப் பயந்து பொய் சொன்னாளோ அது முதலிலிருந்தே இல்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா மெல்லக் கேட்டாள், "நான் அன்னைக்கே உள்ளதச் சொல்லியிருந்தா, இவ கால் நல்லாயிருக்குமா?"

"அப்போ இந்த நோயே என்னான்னு யாருக்கும் தெரியாதும்மா. மருந்தும் இல்லை. நீங்க இப்போ சொன்னதுதான் உதவுச்சு" என்றார் மருத்துவர்.

வெளியே வந்து சேகரின் டெம்போவில் பின்னால் உட்கார்ந்தோம். லாஸ்பேட்டையில் இறங்கும்போது அம்மா, "எப்படியிருந்தாலும் என் வயித்துக்குள்ளதான நடந்துருக்கு" என்றாள். அத்தனை நேரம் மருத்துவர் விளக்கியும் அவள் எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "எனக்குப் பசிக்குதும்மா" என்றேன். அதுதான் நாங்கள் திரும்பப் பேச ஆரம்பித்தது.

மருந்தின் பெயர் அல்பெலிசிப் (அந்த நொதியின் வேலையைத் தடுக்கும் மாத்திரை). மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சிலருக்கும் இதைக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அந்தக் கட்டிகளிலும் இதே மரபணு மாறியிருப்பது உண்டு. இந்தச் செய்தி எப்படியோ குவார்ட்டர்ஸில் பரவி, ஒரு வாரம் துக்கம் விசாரிக்க வந்தார்கள். யானைக்காலிலிருந்து எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அம்மா வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "புத்துநோயுமில்ல, கொசுவுமில்ல, மரபணு" என்று சொல்லி அனுப்பினாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

இதே நோயோடு இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரை சும்மா வேலை செய்வதில்லை. இன்சுலின் சர்க்கரையை உள்ளே அனுப்பச் சொல்லும் சேதியும் இந்த நொதியின் வழியாகத்தான் போகிறது. வழியை அடைத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். எனக்கு ஏறியது. அதற்குத் தனி மாத்திரை. வாயில் புண் வந்தது, வயிற்றுப்போக்கு வந்தது, தலைமுடி உதிர்ந்தது. காலையில் பேக்கரி ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டு வளர்ந்த ஊர்க்காரி நான், அதை விட்டேன். சில நாள், அந்தக் காலை வெட்டியிருந்தால் ஒரே வலியாகப் போயிருக்கும் என்றுகூட நினைத்தேன். மருத்துவர் அளவைக் குறைத்து, பிறகு ஏற்றி, பொறுமையாகக் கொண்டுபோனார். உங்கள் மருத்துவரும் அப்படிச் செய்வார், நடுவில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முதலில் புண் ஆறியது. பிறகு காய்ச்சல் வருவது நின்றது. ஒருநாள் காலையில் துணியைச் சுற்றி முடித்த அம்மா, கையில் மிச்சமிருந்த நீளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக முழங்காலுக்குக் கீழே முடிந்துவிடும் துணி. அவிழ்த்து மறுபடி சுற்றினாள். மறுபடியும் மிச்சம் இருந்தது.

"இளச்சிட்டாண்டி" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

சின்னவன் அளவுக்கு அவன் வரவில்லை. வரவும் மாட்டான், எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான். ஆனால் சதை குறைந்து, தோல் தொங்கிப்போய், வயதானவர் கால் மாதிரி ஆனது. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திமிராகத் திரிந்தவன் நோயில் விழுந்த மாதிரி இருந்தான். சொன்னால் சிரிப்பீர்கள், ஒருநாள் குளிக்கும்போது அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா இருந்திருந்தால் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லியிருப்பார்.

நடைதான் பெரிய கூத்து. கனமான காலைத் தூக்கித் தூக்கி என் இடுப்புக்கு ஒரு கணக்குப் பழகியிருந்தது. இப்போது அதே பலத்தில் எடுத்தால் கால் நான் நினைத்ததைவிட மேலே போய்விடுகிறது. இல்லாத படியில் ஏறுகிறவள் போல நடந்தேன். இரண்டு முறை விழுந்தேன். அலுவலகத்தில் என்னைப் பார்த்து, ராணுவத்தில் சேரப் போறீங்களா என்று கேட்டார்கள். இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் நடையைச் சீர்செய்பவர்) சுவரைப் பிடித்து நடக்கவைத்து, குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோலச் சொல்லித்தந்தார். உடம்பு மாறிய பிறகும் பழைய உடம்பு உள்ளே ரொம்ப நாள் இருக்கிறது. அதை விரட்டக் கூடாது, மெல்லச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

இதை எழுதுவதற்குக் காரணம், என்னைப்போல எங்கேயாவது ஒருவருக்குத் தப்பான பெயரோடு ஒரு கை, ஒரு கால், ஒரு விரல் இருக்கலாம் என்பதுதான். பிறக்கும்போது எப்படி இருந்தது என்று வீட்டில் கேளுங்கள். ஒருமுறை கேட்டால் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளையை டீ வாங்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

மாத்திரை தொடங்கி ஒரு வருஷத்துக்குப் பிறகு, அறுவை மருத்துவர் என்னைக் கூப்பிட்டுக் காலைத் தட்டிப் பார்த்தார். இரத்த ஓட்டத்தைப் பார்த்தார். "இத நான் எடுக்கத் தேவையில்லை. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க, விட்டா திரும்ப வளரும்" என்றார். அன்று அவர் என்னைத் தமிழ்ச்செல்வி என்று கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா, "கடற்கரைக்குப் போலாமா?" என்று கேட்டாள். சாயங்காலம் அந்தச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். சேகர் எங்களைக் காந்தி சிலைக்குப் பக்கத்துத் தெருவில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனார். நாங்கள் இருவரும் டூப்ளே சிலைப் பக்கமாக நடந்தோம். இடது கைப் பக்கம் கடல். நல்ல காற்று. அந்த நடையை நான் முழுசாக நடந்ததே இல்லை, பாதியில் உட்கார்ந்துவிடுவேன்.

நான் பேசிக்கொண்டே போனேன். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அலையில் இறக்கியதை, "பெரியவனுக்குத்தான் புண்ணியம் ஜாஸ்தி" என்று அவர் சொன்னதை எல்லாம் சொன்னேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அம்மா இல்லை. வெகுதூரம் பின்னால், மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ரொம்பச் சின்னதாகத் தெரிந்தாள்.

அவளை விட்டு நான் முன்னால் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. எப்போதும் அவள் என் பக்கத்திலேயே நடந்தாள், என் வேகத்தில். எனக்காக மெதுவாக நடக்கிறாள் என்று நினைத்திருந்தேன், சின்ன வயதில் அப்படித்தான் இருந்திருக்கும். எந்த வருஷத்தில் அது மாறி, முடியாமல் மெதுவாக நடக்க ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியாது. இருவரும் ஒரே வேகத்தில் நடந்ததால் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

திரும்பி நடந்து அவளிடம் போனேன். என் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"எனக்கு வலிக்குதுடி" என்றாள். "ரெண்டு முட்டியும்."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கையைப் பிடித்து மதில் சுவர் மேல் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போலேருந்தும்மா என்று கேட்டேன். அவள் கடலைப் பார்த்தாள். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை.

"ரொம்ப நாளா" என்றாள்.